வலக்கை நாடி

“வந்துச்சா இல்லையா? வாயத் தொறந்து சொல்லுடா!”

நூர் பாய் இரண்டாவது தடவையாகக் கேட்டார். பாயில் படுத்திருந்த தங்கமணி கூரையையே பார்த்தாள்.

வந்துவிட்டது. அதுதான் பிரச்சினையே.

முழங்காலுக்குக் கீழே, மயிரிழை மாதிரி ஓர் ஊசி அவள் காலில் நின்றுகொண்டிருந்தது. அது நின்ற இடத்திலிருந்து கனமாக ஏதோ ஒன்று கெண்டைக்கால் ஓரமாக வழிந்து, கணுக்காலைச் சுற்றிக்கொண்டு பாதத்துக்குள் புகுந்தது. வலி என்றும் சொல்ல முடியாது. மரத்துப்போன கால் விழித்துக்கொள்ளும்போது உள்ளே ஒன்று முனகுமே, அது மாதிரி. ஊசி வைத்தியம் கற்றுக்கொடுக்கும் ஜப்பான்கார வாத்தியார், சென்செய், அதற்கு எதிரொலி என்று பெயர் சொல்வார். சரியான இடத்தில், சரியான ஆழத்தில் ஊசி இறங்கினால்தான் எதிரொலி வரும். வந்தால் ஊசி போட்டவனுக்கு நல்ல தரம். வராவிட்டால் அவன் கதை முடிந்தது.

ஊசி போட்டவன் ஜெயராஜ். இன்றைய பரீட்சையில் அவன்தான் கடைசி ஆள். அவனுக்கு முன்னால் முடித்த எல்லோரிலும் கீழே கிடப்பவன் அவளுடைய அண்ணன் வாசு.

ஆமாம் என்றால் வாசு சயாமுக்கு ரயில் ஏறுவான். இல்லை என்றால் ஜெயராஜ் ஏறுவான்.

“இல்ல” என்றாள் தங்கமணி, குரலைத் தொண்டைக்கடியில் அமுக்கி. “ஒண்ணும் வரல பாய்.”

ஜெயராஜின் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது.

அவள் பாதத்தை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. உலர்ந்த, சூடான கை. ஊசி இறங்குவதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருந்தது. சென்செய்யின் கை.

அந்தக் கை இப்போது மெல்ல அவள் பெருவிரலுக்கு நகர்ந்தது.

*

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் நுழைந்த வாரத்திலேயே தங்கமணியை அவள் அம்மா வள்ளியம்மா அடுப்படியில் உட்காரவைத்து, துணி வெட்டும் கத்தரியால் அவள் சடையை அடியோடு வெட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் மணி. அண்ணனின் பழைய சட்டை, தொளதொள கால்சட்டை. கேட்பவர்களிடம், “எம் பொண்ணு கிள்ளான்ல மாமா வீட்ல இருக்குது. இது அவ தம்பி” என்று சொல்லிச் சொல்லி, வள்ளியம்மாவே சில நாள் வாய் தவறாமல் “டேய் மணி” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா தம்புசாமி ரயில்வேயில் ஃபிட்டர். போன வருடம் அவரைச் சயாமில் போடும் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சேதியும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் சந்துகளில் ஆள் பிடிக்கும் லோரி வந்து நின்றாலே வள்ளியம்மா மகனை மரவள்ளிப் பாத்திக்குள் படுக்கவைப்பாள்.

அப்போதுதான் பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையில் அந்தப் பள்ளிக்கூடம் வந்தது. மருந்து கிடைக்காத காலம். சிப்பாய்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் உடம்பு பிடித்துவிட, ஊசி வைத்துக் குணமாக்க, ஆள் பழக்கும் பள்ளிக்கூடம். அங்கே சேர்ந்தால் கையில் கட்ட ஒரு பட்டை கொடுத்தார்கள். பட்டை இருப்பவனை லோரி ஏற்றாது.

வாசு சேர்ந்துவிட்டான். சேர்ந்த பிறகுதான் அங்கே தரம் போடும் முறை தெரிந்தது.

கோ, ஒட்சு, ஹெய், தெய். நாலு தரம். தெய் கடைசி. ஒவ்வொருவனுக்கும் ஒரு மரச்சீட்டு. சுவரில் ஆணி அடித்த பலகையில் தரத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு பரீட்சையிலும் யாராவது ஒருவன் தெய்க்கு இறங்கியே ஆக வேண்டும், அது முகாம் ஆபீசின் உத்தரவு. இறங்கியவனின் சீட்டைத் திருப்பி, முதுகு வெளியே தெரிய மாட்டுவார்கள். பட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் அவன் இருக்க மாட்டான்.

போன பரீட்சையில் இறங்கியவன் ராதாகிருஷ்ணன். வாசுவோடு சேர்ந்து பழக வீட்டுக்கு வருவான். தவிடு அடைத்த பையில் ஊசி குத்திக் குத்தி, “இந்தப் பைக்கு இருக்கிற பொறுமை எங்க அம்மாவுக்கு இல்லடா” என்று சிரிப்பான். அவன் சீட்டு இன்னும் பலகையின் அடிவரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு. இன்று காலை பாயில் மல்லாக்கப் படுத்ததும் தங்கமணியின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். காற்றே இல்லாத அறையில் அது லேசாக ஆடுவது போலிருந்தது. ரயில் போனால் சுவர் அதிரும், அதனால் ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்போது ரயில் எதுவும் போகவில்லை.

அவள் அங்கே வந்திருக்கவே கூடாது. பரீட்சைக்கு ஒவ்வொருவனும் குத்திக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். வாசுவுக்காக வருவதாக இருந்த பக்கத்து வீட்டு நாகையா விடியற்காலையில் மலேரியாவில் கட்டில் அதிர நடுங்கிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாமல் போனால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் நேரே தெய்.

“நான் வரேன்” என்றாள் தங்கமணி. “தெனமும் என் காலுலதானே குத்துற? அங்க மட்டும் புதுசாவா குத்தப்போற?”

“பைத்தியமா உனக்கு?” என்றாள் வள்ளியம்மா. “அது அவங்க கோட்டைடி!”

“சென்செய்க்குக் கண்ணு தெரியாதும்மா” என்றான் வாசு, மெதுவாக. “பொறந்ததுலேர்ந்தே. இவள அவரு எங்க பார்க்கப்போறாரு?”

அந்த ஒரு வார்த்தையில்தான் வள்ளியம்மா விட்டுக்கொடுத்தாள்.

ஆனால் கடைக்குள் நுழைந்ததும் மொழிபெயர்க்கும் நூர் பாய் ஒரு புது உத்தரவைச் சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் அவர் ஜப்பான்காரர்களுக்குத் துணி விற்றவர், பாஷை தெரியும் என்று பிடித்துவைத்திருந்தார்கள். “தான் கூட்டியாந்த ஆளைத் தானே குத்தக் கூடாதாம். ஆள மாத்திக்கணும். சொந்தக்காரன் எல்லாம் குத்துறதுக்கு முன்னாலயே ‘வந்துருச்சு, வந்துருச்சு’ங்கிறான்னு சென்செய்க்குக் கோவம்.”

வாசுவின் கை அப்போதே நடுங்க ஆரம்பித்துவிட்டது. தங்கச்சியை வேறு எவனோ தொடப்போகிறான் என்ற நினைப்பு. அவன் குத்தியது ஜெயராஜின் சித்தப்பாவை. ஊசி வளைந்தது. தோலில் ரத்தம் பொட்டு வைத்தது. ஊசியைச் செலுத்தும் சின்னக் குழாயை விரலால் தட்டும் சத்தத்தை வைத்தே சென்செய் முகம் சுளித்தார். முடித்தவர்கள் வெளியே போக வேண்டும் என்பதால் வாசு கடைவாசலுக்குப் போய்விட்டான். போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் அவள் ‘இல்லை’ என்றாள்.

*

சென்செய் அவள் பெருவிரலை விட்டார். ஏதோ சொன்னார். ரொம்பச் சாதாரணமான குரல்.

நூர் பாய் அதைத் தமிழில் சொன்னார்: “வாய் இல்லேன்னு சொல்லுது. விரலு மடங்குச்சே, அது ஆமான்னு சொல்லுதேங்கிறாரு.”

தங்கமணி விரலை விறைப்பாக நீட்டிவைத்துக்கொண்டாள்.

சென்செய் பாயோரமாகக் கையால் தடவிக்கொண்டே நகர்ந்து அவள் தோள் பக்கம் வந்து மண்டியிட்டார். நரைத்த தலை. மூலிகைப் பஞ்சு புகைந்த வாடை அவர் சட்டையில். அவர் அவளுடைய இடது கையை எடுத்து மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

இடது கை!

அவள் உயிர் அந்த மணிக்கட்டிலேயே வந்து துடித்தது. கிள்ளானில் மாமா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அண்ணன் தங்கை இரண்டு பேரையும் அங்கேதான் கூட்டிப்போவார்கள். வாசுவுக்கு வலது கையில் நாடி பார்ப்பார். அவள் விளையாட்டுக்கு வலது கையை நீட்டினால், “ஆம்பளைக்குத்தான் வலது. பொம்பளப் புள்ளைக்கு எடது. குடு அந்தக் கைய” என்று அதட்டுவார்.

இவர் இடது கையைப் பிடித்திருக்கிறார். தெரிந்துவிட்டது. குரலிலா? பாதத்தின் அளவிலா? வெட்டின முடியும் அண்ணன் சட்டையும் கண் இருக்கிறவனுக்குத்தானே வேஷம்?

வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். சென்செய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சென்செய்யின் விரல்கள் அழுத்தின, தளர்ந்தன, மறுபடி அழுத்தின. புருவம் சுருங்கியது. பிறகு அந்தக் கையை மெதுவாக, முட்டையை வைப்பது மாதிரி, பாயில் வைத்துவிட்டார். குனிந்து எட்டி, அவளுடைய வலது கையை எடுத்தார்.

வலது கையில் ரொம்ப நேரம் விரல் வைத்திருந்தார். அவர் புருவம் மெல்ல விரிந்தது.

தங்கமணிக்குக் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. தப்பாக இடது கையை எடுத்திருக்கிறார். பிறகு பையன்தானே என்று வலதுக்கு மாறிவிட்டார். ஆத்தா, காப்பாத்திட்ட.

சென்செய் எழுந்தார். பலகையைத் தடவினார். சீட்டுகளில் யாருடையது எது என்று தெரிய ஓரத்தில் வெட்டு போட்டிருப்பார்கள். ஜெயராஜின் சீட்டை எடுத்து ஒட்சு வரிசையில் மாட்டினார். வாசுவின் சீட்டை எடுத்தார். விரல் அந்த வெட்டுகளின் மேல் போய்ப் போய் வந்தது. அடிவரிசையில், ராதாகிருஷ்ணனுக்குப் பக்கத்தில், வெறும் ஆணி ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

அவர் அதில் மாட்டவில்லை. சீட்டைத் தன் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார்.

நூர் பாய் கேட்டு, அவர் பதில் சொல்லி, நூர் பாய் இன்னொரு தடவை கேட்டார். பிறகு தங்கமணியைப் பார்க்காமல் சொன்னார்: “ஒங்கண்ணனோட தரம் நாளைக்குத்தானாம். அவனும் வரணும். நீயும் வரணும். வேற யாரும் வேணாமாம்.”

*

“டேய்! நில்லுடா!”

ரயில்வே குவார்ட்டர்ஸ் போகும் சந்தில் ஜெயராஜ் பின்னாலேயே ஓடிவந்தான். வாசு தங்கச்சியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“ஒன் தம்பியக் கேளு வாசு, என்ன செஞ்சான்னு கேளு! எதிரொலி வந்துச்சா இல்லையாடா? என் முகத்தப் பாத்து சொல்லு!”

தங்கமணி தரையைப் பார்த்தாள்.

“நல்லா இருடா. என்னைய அனுப்பிட்டு, ராத்திரி மரவள்ளிக்கிழங்கு எறங்குமா ஒனக்கு? எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்டா.”

“விடு ஜெயராஜ். சின்னப் பையன், பயந்துட்டான்.” வாசு அவளை இன்னும் பின்னால் தள்ளினான். “நீதான் ஒட்சு வாங்கிட்டியே.”

“அது சென்செய் புண்ணியம். இவன் புண்ணியம் இல்ல.” ஜெயராஜ் துப்பினான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். கோபம் இறங்கியதும் முகத்தில் பயம்தான் மிச்சம் இருந்தது. “பொய் சொல்றவன் நாடி தவளை மாதிரி குதிக்கும்லா. அதான் அவ்ளோ நேரம் கையப் புடிச்சிருந்தாரு. நாளைக்கு ஒழுங்கா உண்மையச் சொல்லச் சொல்லு. ஒன் தலையும் சேர்ந்து போயிரப் போவுது.”

அவன் போய்விட்டான். தங்கமணியின் காலில் அந்தக் கனம் இன்னும் போகவில்லை. ஊசியை எடுத்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பாதத்துக்குள் ஒன்று முனகியது. ஜெயராஜ் நல்லாத்தான் குத்தியிருந்தான். ரொம்ப நல்லா.

*

வள்ளியம்மா வாசலிலேயே இரண்டு பேரையும் தடவிப் பார்த்தாள், யாராவது குறைகிறார்களா என்பது போல. உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். விளக்குக்குக் கறுப்புத் துணி போர்த்தினாள். கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்திருந்தாள்.

தங்கமணி எல்லாவற்றையும் கொட்டினாள். பொய்யை, பெருவிரலை, கையைப் பிடித்ததை.

“எடது கையப் புடிச்சாரும்மா. எனக்கு அப்படியே உசுரு போச்சு. பொம்பளைன்னு தெரிஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் அதை விட்டுட்டு வலது கைய எடுத்தாரு. அதுலதான் ரொம்ப நேரம் பார்த்தாரு.”

“வலது கையா?” வள்ளியம்மா நெஞ்சில் கை வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. “ஆம்பளைன்னே நெனச்சுட்டான். மாரியாத்தா! இந்தக் கஷ்டம் தீரட்டும், ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். நாளைக்கு ஏதாச்சும் கேட்டாலும் ஆம்பளப் புள்ள மாதிரி நின்னுடு. வாசு தரத்தையும் எப்படியாச்சும்…”

“எந்தக் கை முதல்ல?”

வாசுதான் கேட்டான். கையில் எடுத்த கிழங்கு வாய்க்குப் போகவில்லை.

“எடது.”

“முதல்ல எடது. அப்புறம் வலது. சரியா சொல்லு.”

“சரியாத்தான் சொல்றேன். முதல்ல எடது. கொஞ்ச நேரம். மூஞ்சிய சுளிச்சாரு. அப்புறம் வலது.”

வாசு கிழங்கைத் தட்டில் வைத்தான்.

“என்னடா?” என்றாள் வள்ளியம்மா. “ஏன்டா அப்படிப் பார்க்கிற?”

“நம்ம வைத்தியர் கணக்கு அங்க கெடையாதும்மா.” அவன் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பது போல இறங்கியது. “நாடி பாடத்துல மொத நாளே சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு ஆம்பளைன்னா எடது. பொம்பளைன்னா வலது.”

தூரத்தில் வடக்கே போகும் ரயில் ஒன்று கூவியது. அது பாலத்தைத் தாண்டிப் போகும்வரை மூன்று பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப…” என்றாள் தங்கமணி.

“ஆம்பளைன்னு நெனச்சு எடது கைய எடுத்திருக்காரு. அதுல ஏதோ ஒத்துவரல. அதான் வலதுக்குப் போயிருக்காரு.” வாசு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். “நான்தான்… கண்ணு தெரியாதுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்…”

வள்ளியம்மா விருட்டென்று எழுந்தாள். கொடியில் கிடந்த துணியை இழுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். “இப்பவே கெளம்பு. ரப்பர் காட்டு வழியா கிள்ளான் போயிரலாம். மாமா படகுல எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருவாரு.”

“நாளைக்கு நாங்க போகலைன்னா என் சீட்டு அந்த ஆணிக்குப் போயிரும். லோரி நேரா இங்கதான் வரும். அப்புறம் மாமா வீட்டுக்கும் வரும்.”

“போனா மட்டும்? இவள அவன்கிட்டக் கொண்டுபோயி விட்டுட்டு வரச் சொல்றியா?”

“காட்டிக்குடுக்கிற ஆளா இருந்தா அங்கயே காட்டியிருப்பாரும்மா! வாசல்ல சிப்பாய் நின்னான். ஒரு வார்த்தை போதும். அவரு சொல்லல. என் சீட்டையும் திருப்பல.”

“நல்லவனா இருந்தா, எதுக்குடா வேற யாரும் வேணாம்னு சொன்னான்?”

வள்ளியம்மாவின் கையில் பாதி கட்டிய மூட்டை அப்படியே நின்றது. அதை அவள் அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. சுவரோரமாகச் சாய்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தங்கமணி மூலையில் சுருண்டுகொண்டாள். காலில் எதிரொலி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இருட்டில் அவள் தன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடித்தது. பிறகு இடது கையால் வலதைப் பிடித்தாள். அதுவும் அப்படியேதான் துடித்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு வருடமாகத் தெருவே நம்பிய ஒன்றை இந்தக் கை எப்படி அவரிடம் போட்டுக்கொடுத்தது?

கண்ணை மூடினால் அந்தப் பலகை வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ராதாகிருஷ்ணன். பக்கத்தில் வெறும் ஆணி. சென்செய்யின் சட்டைக் கைக்குள், அவர் தோலோடு தோலாக, அண்ணனின் பெயர்.

நாளைக்கு அவர் பாயோரமாக மண்டியிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை விரிப்பார். ஆண் என்று இடது கையை வைத்தால், நீ சொல்வது பொய் என்று அந்த விரல்களே சொல்லிவிடும். வலது கையை வைத்தால், பெண்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர் விரித்த கையில், அண்ணனின் சீட்டுக்காக, அவள் எந்தக் கையை வைப்பாள்?